கார்லண்ட் ப்ரூயிட் தேடிப்போன தனிமை

கார்லண்ட் ப்ரூயிட் ஒஹாயோவில் முப்பது வருடம் தரைவிரிப்பு விற்றவர். ஓய்வு பெற்ற அன்றே, இனி மனிதக் குரல் காதில் விழாத இடத்தில்தான் வாழ்வது என்று முடிவெடுத்தார். "என் குரலும் அதுல சேர்த்தியா?" என்று கேட்டாள் மனைவி வெர்னா. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

எளிமையாக வாழ்வதற்காக ஒரு கேரவன் வாங்கினார். பஸ் நீளம். உள்ளே சலவை இயந்திரம், இரண்டு டிவி, பொத்தானை அழுத்தினால் எரிவதுபோல் நடிக்கும் கணப்பு. குளிர்காலம் வந்ததும், வண்டியிலேயே குடியிருந்து ஊர் ஊராகப் போகும் எங்களைப் போலவே அவரும் அரிசோனாவில் க்வார்ட்சைட் பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தார்.

வந்த அன்றைக்கே எங்களிடம் நடந்துவந்து, தனக்குத் தனிமை எவ்வளவு பிடிக்கும் என்று விளக்கினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆரம்பித்தவர், நாங்கள் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகும் விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு போய், எல்லோரையும் விட்டு வெகுதூரம் தள்ளி, ஒரு பெரிய கள்ளிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்.

மறுநாள் காலை திரைச்சீலையை விலக்கினால், ஜன்னலுக்கு நேரே ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார். கனடாவிலிருந்து வந்த எமில்.

"இவ்வளவு பெரிய பாலைவனத்துல உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"வேற எங்கயும் ஆளே இல்லையேப்பா," என்றார் எமில். "நீ நிக்கறதைப் பாத்துத்தான் இது நல்ல இடம்னே தெரிஞ்சுது."

கார்லண்ட் இன்னும் ஒரு மைல் தள்ளிப் போனார். சாயங்காலத்துக்குள் அங்கேயும் மூன்று வண்டிகள். எமில்தான் நடுவில் நின்று, யார் எங்கே நிறுத்துவது என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில், வறண்ட ஓடையைத் தாண்டி அக்கரைக்கே போய்விடுவது என்று கிளம்பினார்.

"மணல் பொதபொதன்னு இருக்கு கார்லண்ட். இறங்கிப் பாத்துட்டு ஓட்டேன்," என்றாள் வெர்னா.

"தரையைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?"

ஓடையின் நடுவில் வண்டி அச்சுவரை புதைந்தது.

வெர்னா எங்களிடம் நடந்துவந்தாள். "எல்லாரும் வாங்க, வந்து இழுங்க. யாரையும் கூப்பிடாதேன்னு சொல்லியிருக்கார். உள்ள உக்காந்து வழி யோசிக்கறாராம்."

மண்வெட்டி, பலகை, கயிறு, பீர், நாய்கள் சகிதம் போனோம். வாய் உள்ள எல்லோரும் யோசனை சொன்னார்கள்.

"டயர்ல காத்தை இறக்கு!"

"காத்தை இறக்கறதுக்கு முன்னாடி கார்லண்டை இறக்குங்க. பாதி பாரம் குறையும்."

எமிலின் லாரியில் கட்டி இழுத்தோம். வண்டி முனகிக்கொண்டே அக்கரை ஏறியது. எமில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "அடேயப்பா, இங்கேருந்து மலை என்னமா தெரியுது!"

மறுநாள் பலகைகளை வரிசையாகப் போட்டு, நாங்கள் எல்லோரும் அக்கரைக்குக் குடிபெயர்ந்தோம்.

கார்லண்ட் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, வெர்னா காரமாக வேகவைத்த இறைச்சியும் பீன்ஸும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து நின்று, இந்த இடத்தின் தனிமையைக் காப்பாற்ற ஒரு சங்கம் வேண்டும் என்றார். தலைவர் அவரே. தினமும் காலையில் கூட்டம். வராதவர்களை வீடு தேடி வந்து அழைத்துப் போனார். கூட்டத்தில் அவர் மட்டும்தான் பேசுவார்.

"பேசட்டும், விடுங்க," என்றாள் வெர்னா. "முப்பது வருஷமா, பச்சை விரிப்பா நீலமான்னு கடைக்கு வர்றவங்க குழம்பறதைக் கேட்டுட்டே நின்ன மனுஷன். இவர் பேச்சை எந்தப் பாவி கேட்டான்?"

மார்ச்சில் வெயில் ஏறியதும் நாங்கள் கொலராடோ மலைப்பக்கம் கிளம்பினோம். கார்லண்ட் வரவில்லை. "போங்க, போங்க. இனிமேத்தான் பாலைவனம் பாலைவனமா இருக்கும்," என்று கையசைத்தார். முகத்தில் உண்மையான சந்தோஷம்.

அந்த வாரம் முடிவதற்குள், மலையடிவாரப் புல்வெளியில் எங்கள் வண்டியின் கதவைத் திறக்க முடியாத அளவுக்கு ஒட்டி, அந்த நீள வண்டி வந்து நின்றது. வெர்னா முதலில் இறங்கி ஓடிவந்தாள்.

"ஏன் வந்தீங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க. ஏசி ரிப்பேர்னு சொல்றதுக்கு வழியெல்லாம் ஒத்திகை பாத்துட்டு வந்திருக்கார்."

நாங்கள் கேட்கவில்லை. ஒரு நாற்காலியை எடுத்து நிழலில் போட்டோம்.