பாலை நிறுத்தச் சொன்ன மருந்துக்கடைக்காரர்

எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர்தான் என் பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னார், நானும் கேட்டேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

நடந்தது போன வருடம், கூத்தாநல்லூர் பக்கம், குறுவை அறுப்பு சமயம். இரண்டாவது பிள்ளை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடைவாய்ப் பல் சொத்தையாகி உயிரை எடுத்ததால் திருவாரூருக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன் என்று பல் டாக்டரிடம் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டுதான் இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையை மூன்று நாளைக்கு எழுதினார்.

சீட்டைத் தெருக்கடையில் நீட்டினேன். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

“ஏம்மா, பால் குடுக்கிறவங்களுக்கு எழுதுற மாத்திரையா இது? பால்ல இறங்கி புள்ளைக்குக் கிட்னியே போயிடும். இதைச் சாப்பிடணும்னா அஞ்சு நாளைக்குப் பாலை நிறுத்திடுங்க.”

எங்கள் தெருவில் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பல்லைப் பிடுங்கியவரை நான் ஒரு முறைதான் பார்த்தேன். இவரைத் தினமும் பார்க்கிறேன். அதனால் இவர் பேச்சே பெரிதாகிவிட்டது.

வீட்டில் மாமியிடம், அதாவது என் கணவரின் அம்மாவிடம் சொன்னதும் அலமாரியைத் திறந்தார். எங்கள் ஊரில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். ஊருக்கு வருகிற யாரும் பால்பவுடர் டப்பா இல்லாமல் வருவதில்லை. டீக்குப் போடுகிற பவுடர்தான். ஆனால் வெளிநாட்டு டப்பா என்றால் எங்களுக்கு மருந்து மாதிரி.

“இங்கத்தி மாட்டுப்பாலெல்லாம் இதுக்குக் கிட்ட வராது. எம் மவன் பாத்து அனுப்புனது,” என்றார் மாமி.

அதைக் கரைத்துப் பாட்டிலில் கொடுத்தேன். என் பால் மார்பில் கட்டிக் கல்லாகிவிட்டது. வலி தாங்காமல் கழிவறையில் நின்று பீய்ச்சி ஊற்றினேன். மூன்றாம் நாள் பிள்ளைக்குத் தண்ணீராய்ப் பேதி. கண் உள்ளே போய்விட்டது. காலையிலிருந்து மூத்திரம் போகவில்லை. அள்ளிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பிள்ளைக்கு டிரிப் ஏற்றி, என்ன கொடுத்தேன் என்று விசாரித்துவிட்டு அங்கிருந்த பெண் டாக்டர் கேட்டார், “டீக்குப் போடுற பால்பவுடரை ரெண்டு மாசக் குழந்தைக்கு யாருங்க குடுக்கச் சொன்னது?” மாத்திரை கதையைச் சொன்னேன். மருந்துக்கடை டாக்டர்தான் பாலை நிறுத்தச் சொன்னார் என்றேன்.

“அவரு எந்த காலேஜ்ல படிச்சாரு?”

பக்கத்துக் கட்டில் பெண் சிரித்துவிட்டாள். எனக்கு முகம் எரிந்தது.

டாக்டர் பிறகு பொறுமையாகச் சொன்னார். “இந்த மாத்திரை பால்ல ரொம்பக் கொஞ்சமாத்தாம்மா போகும். பால் குடுக்கிறப்போ சாப்பிடலாம். எல்லா வலி மாத்திரையும் இப்படின்னு நினைச்சுடாதீங்க. ஆஸ்பிரின் வலிக்குன்னு சாப்பிடக் கூடாது. குறைமாசக் குழந்தைன்னாலோ, உங்களுக்கு அல்சர், கிட்னி கோளாறு இருந்தாலோ கேட்டுட்டுத்தான் எதையும் சாப்பிடணும். சரி, உங்க பிரசவச் சீட்டைக் காட்டுங்க.”

பிள்ளையின் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டினேன். ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். இபுப்ரோஃபென். ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்ற பிறகு ஐந்து நாள் இதே மாத்திரையை விழுங்கிக்கொண்டே பால் கொடுத்திருக்கிறேன்! எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். பெயரைப் படித்துப் பார்க்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

அங்கேயே, அவர் கண் முன்னால், இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு, மீதி இருந்த மாத்திரையில் ஒன்றை விழுங்கினேன். பிள்ளையை மார்பில் போட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலுக்கு அழுதான்.

பாட்டிலைத் தூக்கி எறிந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனை மார்பில் போட்டுப் பார்ப்பேன். மறுத்தால் பீய்ச்சி, மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் புகட்டுவேன். நிறுத்திய நாட்களில் பால் வற்றிப்போனதால் முதலில் பாலாடையின் அடிகூட நனையவில்லை. குறைகிற பாலுக்கு ஈடாக டாக்டர் எழுதிக்கொடுத்த குழந்தைப் பவுடரை அதே பாலாடையில் கொடுத்தேன்.

“விடு புள்ள, டப்பாப் பால் குடிச்ச புள்ளைங்க வளரலையா?” என்றார் மாமி.

“வளரும் மாமி. எம் புள்ள எங்கிட்டதான் குடிப்பான்.”

ஒன்பதாம் நாள் காலையில் மார்பைப் பிடித்தான். விட்டுவிடுவானோ என்று நான் மூச்சுகூட விடவில்லை. மாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றே கடைக்குப் போனேன். “பாதுகாப்புக்குத்தானேம்மா சொன்னேன். இப்ப புள்ள நல்லாத்தானே இருக்கு?” என்றார் கடைக்காரர்.

“சந்தேகம்னா எழுதின டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?”

அடுத்தவரிடம் சீட்டை வாங்கப் போய்விட்டார்.

அப்போதே விட்டிருப்பேன். ஆனால் போன மாதம் அடுத்த தெருவில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணிடமும் இதே பேச்சைப் பேசியிருக்கிறார். அவளை நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒவ்வொருத்தியையும் நான் போய்த் தடுக்க முடியுமா?

கடைக்காரரே, உங்கள் கடையில் இந்தப் பத்திரிகை கிடப்பது எனக்குத் தெரியும். டாக்டர் எழுதிய மாத்திரைக்காகப் பாலை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இதே பக்கத்தில், எல்லோரும் படிக்கிற மாதிரி பதில் எழுதுங்கள். பெற்ற பிள்ளை மடியில் கிடந்துகொண்டே என்னை வேண்டாம் என்ற அந்த எட்டு நாளை என்னால் மறக்க முடியவில்லை, நீங்கள் மறந்துவிட்டுப் போகவும் விடமாட்டேன்.