அட்டை ஒட்டிய ஜன்னல்

கல்பாக்கத்தில் நைட் ஷிப்ட்காரர் வீடு எது என்று தெருவில் நின்றே சொல்லிவிடலாம். ஜன்னலில் உள்பக்கமாக அட்டை ஒட்டியிருக்கும். காலிங் பெல் ஒயரைப் பிடுங்கிவிட்டிருப்பார்கள். பால்காரர்கூடக் குரல் கொடுக்காமல், கேட்டில் தொங்கும் பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார். என் கணவர் அணுமின் ப்ளாண்டில் டெக்னீஷியன். கல்யாணமாகி வந்த கையோடு, குக்கரில் விசில் வராமல் சமைக்கப் பழகிக்கொண்டேன். மகாராஜா தூங்க வேண்டுமே!

பையன் பிறந்ததும் அவனையும் அந்த இருட்டு அறையிலேயே போட்டேன். ஏசி அங்கேதான் இருந்தது. பகல் முழுக்க அப்பனும் பிள்ளையும் அடித்துப் போட்டாற்போல் தூங்குவார்கள். எனக்குத் துணி, பாத்திரம், சமையல். சாயங்காலம் அவர் எழுந்து டிவியைப் போட்டதும் இவனும் கண் விழிப்பான். அவர் டியூட்டிக்குப் போன பிறகு விடிகிறவரை இவன் என் இடுப்பில். கீழே விட்டால் தொண்டை கிழியக் கத்துவான்.

"எம்புள்ள சமத்துப்பா, சத்தமே காட்ட மாட்டான்" என்று போனில் நண்பர்களிடம் பெருமையடிப்பார் அவர். பகல் ஷிப்ட் வாரங்களில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஹாலில் படுத்துவிடுவார். அந்தப் பஞ்சைப் பிடுங்கி அவர் வாயில் திணிக்கலாமா என்று வரும்.

பிரசவ லீவு முடியப் போகிற நேரம். சிறுசேரி ஆபீஸில் இன்னும் கொஞ்சம் லீவு கேட்டதற்கு, "முடியலைன்னா சொல்லிடுங்க மேடம், வேற ஆள் பாத்துக்கறோம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பகலுக்கு க்ரெஷ்ஷில் பேசி வைத்திருந்தேன். பையன் ராத்திரி தூங்கினால் போதும், வேலையும் நிலைக்கும், பிள்ளையும் என்னிடம் இருப்பான்.

செங்கல்பட்டிலிருந்து அவருடைய அக்கா, என் நாத்தனார் வந்தார். கறுப்புக் கயிறு கட்டி, மிளகாய் சுற்றிப் போட்டு, கடைசியில் தீர்ப்பும் சொன்னார். "ஒம்பால்ல சத்தே இல்ல. பசில கத்துது."

பையனுக்குக் காது குத்த நாத்தனார் வீட்டுக்குப் போய், நானும் அவனும் ஒரு வாரம் தங்கினோம். ஸ்டேஷன் பக்கத்து வீடு. ரயில், மிக்ஸி, அவர் பிள்ளைகளின் ரகளை, கூடம் முழுக்க வெயில். முதல் இரண்டு நாள் பையன் பகலில் சிணுங்கினான். பிறகு பொழுது சாய்ந்ததும் தானாகத் தூங்க ஆரம்பித்தான். அட பாவி, அந்த அட்டைதானா! நாங்களே பிள்ளைக்குப் பகலை ராத்திரியாக்கி வைத்திருந்திருக்கிறோம்.

"எங்கைக்கு வந்தா தூங்குது பாரு. ஒனக்குப் புள்ள வளக்கத் தெரில, அவ்ளோதான்" என்றார் நாத்தனார்.

வீடு திரும்பியதும் அட்டையைப் பிய்த்துப் போட்டேன். தூங்கிக்கொண்டிருந்தவர் முகத்தில் வெயில் அடித்தது. துள்ளி எழுந்தார்.

"பகல்ல வெளிச்சம் இருந்தா இவன் ராத்திரி தூங்கறாங்க. அட்டைய ஒட்டிக்கோங்க, இவன ஹால்ல போட்டுக்கறேன்" என்றேன்.

"ஹால்ல கத்துனா எனக்குக் கேக்காதா? நான் தூங்காம போயி அங்க எதுனா ஒன்னு ஆயிட்ச்சுன்னா? ஒனக்கு இன்னா, கம்ப்யூட்டர தட்ற வேல." என் கண்ணெதிரிலேயே அக்காவுக்குப் போன் போட்டார். "புள்ளைய நீயே வெச்சிக்கினு இரு, அக்கா." பிறகு என்னிடம், "வேலைக்குப் போணும்னியே, போ" என்றார்.

அழுதேன், கத்தினேன், காலில்கூட விழுந்தேன். அன்று சாயங்காலமே பையனைக் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, டயப்பர் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து ஜன்னலில் ஒட்டினார்.

வேலைக்குப் போனேன். ஆபீஸ் கேப் மாமல்லபுரம் தாண்டுவதற்குள் எல்லோர் தலையும் சாய்ந்துவிடும். நான் மட்டும் மாரில் பால் கட்டி, கொட்டக் கொட்ட விழித்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பையனைப் பார்க்கப் போனேன். நாத்தனார் வாசலிலேயே மறித்தார்.

"போன தபா நீ தூக்கிக் கொஞ்சிட்டுப் போனதுல ராவெல்லாம் புள்ள தூங்கல. இங்கியே நின்னு பாத்துட்டு வெளிச்சத்தோட கெளம்பு. பாவம், பச்சப்புள்ள."

"எம்புள்ள அண்ணி, அவன்."

"யாரு இல்லன்னா? தூங்கட்டும்னுதானே நீயும் கேட்ட."

கூடத்து வெயிலில் உட்கார்ந்து பையன் ஒரு டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். துளி தூக்கக் கலக்கம் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு நாத்தனாரிடம் தவழ்ந்து போனான்.