பிளேட் சில்லருக்குத் தகடு தேடி எண்பத்தெட்டு கிலோமீட்டர்

பயணக் கட்டுரை என்றால் மலை, அருவி என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். போன புதன்கிழமை நான் சுற்றியது மதுரைக்குள்தான், அதுவும் சாக்கில் சுற்றிய ஒரு எவர்சில்வர் தகட்டோடு. பால், குளிர்பானம், எண்ணெய் என்று எந்தத் தொழிலில் இருந்தாலும், பிளேட் சில்லர் பழுதாகி, தயாரித்த கம்பெனி கையை விரித்து, வேறு ஆளைத் தேடுகிறவர்களுக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

திருவாதவூர்ப் பக்கம் ஒரு சின்ன பால் குளிர்விப்பு மையத்துக்கு நான் மேனேஜர். சுற்று ஊர்களில் கறந்து வரும் பாலை உடனே நாலு டிகிரிக்குக் குளிர வைத்து டேங்கரில் ஏற்றி அனுப்புவது எங்கள் வேலை. அதைச் செய்வது பிளேட் சில்லர். நெளிநெளியான எவர்சில்வர் தகடுகளை வரிசையாக நிறுத்தி, நடுவில் ரப்பர் கேஸ்கட் வைத்து, நீளமான போல்ட்டுகளால் இறுக்கியிருக்கும். ஒரு இடுக்கில் பால் போகும், அடுத்த இடுக்கில் ஐஸ் தண்ணீர் போகும். எங்களுடையது ஆறு வருஷத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. காகிதம் எதுவும் கிடையாது.

அது சில மாதங்களாக ஒழுகிக்கொண்டே இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் டேங்கர் பால் புளித்துவிட்டது என்று திரும்பி வந்தது. போன திங்கட்கிழமை ஒழுகல் நிற்கவே இல்லை, கழற்றிவிட்டோம். காலைப் பாலை ஐஸ் பாளம் போட்டு எப்படியோ அனுப்பினோம். சாயங்காலப் பால் வேண்டாம் என்று ஊற்றுகிறவர்களிடம் சொல்லிவிட்டோம். இரண்டு மாடு வைத்திருக்கும் பஞ்சவர்ணம் அத்தாச்சி மட்டும் வாயைத் திறந்து கேட்டார். "மாட்டுக்கிட்டப் போயி சாயந்தரம் கறக்காதேன்னு நாஞ் சொல்ல முடியுமா?" பால் வாங்கும் தனியார் வண்டி ஒன்று ஏற்கெனவே ஊருக்குள் சுற்ற ஆரம்பித்திருந்தது. இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் எல்லோரும் அங்கே போய்விடுவார்கள், மையத்தை மூட வேண்டியதுதான்.

தயாரித்த கம்பெனிக்குப் போன் செய்தால், சீரியல் நம்பர் இல்லாமல் பேசவே மாட்டோம், நம்பர் இருந்தாலும் பன்னிரண்டு வாரம் ஆகும் என்றார்கள். பெயர்ப்பலகை தேய்ந்துபோய் எழுத்து படிக்க முடியவில்லை என்று நான் சொன்னதை அவர்கள் காதில் வாங்கவில்லை. சரி, மதுரையில் கிடைக்காத சாமானா என்று ஒரு தகட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

காலை 7.10க்குப் பஸ். மாட்டுத்தாவணி 22 கிலோமீட்டர், டிக்கெட் 22 ரூபாய். கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்து, "என்னண்ணே, கதவைக் கழத்திட்டு வந்துட்டீகளா?" என்று கேட்டுவிட்டு லக்கேஜுக்கு 11 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார். தகட்டுக்கு உட்கார இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை.

அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கோரிப்பாளையம், 5 கிலோமீட்டர், 20 ரூபாய். சிக்னலில் மட்டும் கால் மணி நேரம் போனது. கேஸ்கட் இருக்கிறது, நேரில் வாருங்கள் என்று முதல் நாள் போனில் சொன்ன ரப்பர் கடை பத்து மணிக்குத்தான் திறந்தது. கடைக்கார பாய் மரியாதையானவர், டீ வாங்கிக் கொடுத்தார். கேஸ்கட் இல்லை, ஷீட் இருக்கிறது, வெட்டித் தருகிறேன் என்றார். முகர்ந்து பார்த்தேன், டயர் கடை வாசம் அடித்தது. பாலில் படுகிற இடம் பாய் என்றேன். இரண்டு நாள் ஓடினால் வாசம் போய்விடும் என்றார். அந்த இரண்டு நாள் பாலை யார் குடிப்பது என்று கேட்க நினைத்தேன். டீ குடித்த நன்றிக்குக் கேட்கவில்லை.

அடுத்தது கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை. 17 கிலோமீட்டர், பெரியார் பஸ் ஸ்டாண்டில் மாறி 11.50க்குப் போய்ச் சேர்ந்தேன். சில்லர் விற்கும் டீலர் ஆபீஸில் ரிஜிஸ்டரில் பெயர், ஊர், வந்த காரியம் எல்லாம் எழுதச் சொன்னார்கள். தகட்டைக் கேட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். தகட்டைக் காட்டத்தானப்பா வந்திருக்கிறேன் என்றால் செக்யூரிட்டிக்குப் புரியவில்லை. சாப்பாட்டு நேரம் முடியும்வரை ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, ஒரு தம்பி வந்து மாடல் நம்பர் கேட்டார். இல்லை என்றதும் புதுச் சில்லருக்குக் கொட்டேஷன் நீட்டினார், ஏழரை லட்சம். கேஸ்கட் கேட்டு வந்தவனுக்கு மெஷினையே விற்கிற இந்தத் திறமையை அரசாங்கம் எதற்காவது பயன்படுத்திக்கொள்ளலாம்.

வெறுத்துப்போய் வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். மாட்டுத்தாவணி போகலாம் என்றேன். டிரைவர் தகட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, இது மாதிரி தகட்டை நான் லோடு அடிச்சிருக்கேன். வில்லாபுரத்துல ஒரு அக்கா கழுவி, ரப்பர் மாத்திக் குடுக்குது. விட்டுறவா?" என்றார். 13 கிலோமீட்டர், 380 ரூபாய். அன்று முழுக்கக் கொடுத்ததில் உருப்படியான காசு அதுதான்.

வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் செல்வி இருந்தார். கோயம்புத்தூரில் சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர், முப்பத்தைந்து வயது இருக்கும். நான் கேஸ்கட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே போக, அவர் அதைத் தொடவே இல்லை. தகட்டின் நெளிவுகளை நகத்தால் தடவினார்.

"இது கசங்கிப் போச்சுண்ணே. எந்தக் கேஸ்கட் போட்டாலும் ஒழுகும். எம்புட்டு நீளத்துக்கு இறுக்குனீங்க?"

ஒழுகல் நிற்கிற வரைக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தகடுகள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு நீளம் வரும்வரை இறுக்கலாம் என்று பெயர்ப்பலகையில் அடித்திருக்குமே என்றார். தேய்ந்துவிட்டது என்றேன், காலையிலிருந்து எல்லோரிடமும் சொன்ன அதே பதில்.

"தேஞ்சிருச்சா, பெயிண்ட் அடிச்சுட்டீங்களா?"

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மையத்தில் இருக்கிற எல்லா மெஷினுக்கும் பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைப்போம். நீலக் கலர் நான் தேர்ந்தெடுத்தது. ஆறு வருஷம், ஆறு கோட்டிங். உடனே ஆபரேட்டர் பாண்டிக்குப் போன் போட்டேன். பிளேடால் சுரண்டி, பத்து நிமிஷத்தில் போட்டோ அனுப்பினான். மாடல் நம்பர், சீரியல் நம்பர் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அதற்குக் கீழே, இறுக்கும் நீளம் 236 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று அடித்திருந்தது. போல்ட்டில் நட்டு நின்ற தடத்தை வைத்து அளக்கச் சொன்னேன். 219.

ஒவ்வொரு தடவை ஒழுகும்போதும் அரைச் சுற்று இறுக்கச் சொன்னது நான்தான். லாக் புத்தகத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. தகடு நசுங்கினால் இடுக்கு குறுகி, பால் மெதுவாகப் போகும், கேன்கள் வாசலில் காத்துக் கிடந்து பால் புளிக்கும் என்று செல்வி சாதாரணமாகச் சொன்னார். டேங்கர் திரும்பி வந்த அன்று எனக்கு வந்த கோபம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. முந்தின நாள் பாலைக் கலக்குகிறீர்கள் என்று வரிசையில் நின்றவர்களை, பஞ்சவர்ணம் அத்தாச்சியின் பெயரைச் சொல்லியே, திட்டியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

நம்பர் தெரிந்த இருபதாவது நிமிஷத்தில் செல்வி போன் போட்டு விசாரித்ததில் கோயம்புத்தூரில் பாலுக்கு ஏற்ற கேஸ்கட் கிடைத்தது. நான் மாட்டுத்தாவணி வழியாக 31 கிலோமீட்டர் ஊர் திரும்பினேன், மொத்தம் எண்பத்தெட்டு. ராத்திரி பஸ்ஸில் பார்சலாகப் போட்டார்கள், மறுநாள் விடிய ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. செல்வியே வாங்கிக்கொண்டு மையத்துக்கு வந்து, 41 தகட்டில் நசுங்கிய பன்னிரண்டை ஒதுக்கி, மிச்சத்துக்கு எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டு இறுக்கிக் கொடுத்தார். பழைய வேகம் இல்லை, ஆனாலும் ஓடுகிறது. ஒதுக்கியதற்குப் பதில் தகடு மூன்று வாரத்தில் வரும்.

நீங்கள் கிளம்புவதற்கு முன் ஒரு பிளேடும் டேப்பும் எடுத்துக்கொண்டு உங்கள் மெஷினிடம் போங்கள். பெயர்ப்பலகையைச் சுரண்டிப் போட்டோ எடுங்கள், கழற்றுவதற்கு முன் நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சாமான் இருக்கிறது என்று போனில் சொல்கிறவரிடம் அதன் போட்டோ கேளுங்கள். மதியம் 12 முதல் 2 வரை கப்பலூர்ப் பக்கம் போகாதீர்கள். விலையைச் சொல்வதற்கு முன் எவ்வளவு இறுக்கினீர்கள் என்று கேட்கிற ஆள் கிடைத்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஆயுத பூஜைக்குப் பெயர்ப்பலகையில் சந்தனம் மட்டும் போதும்.

வியாழக்கிழமை காலை பால் ஊற்ற வந்த அத்தாச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பு உங்கள் பாலில் இல்லை, நான் இறுக்கியதில்தான் என்று சொன்னேன். அவர் கேனைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வடியும்வரை பிடித்திருந்தார்.

"அன்னைக்கு எல்லாரு முன்னாடியும்தான சொன்னீங்க. இதையும் அப்படியே சொல்லிருங்க."

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு, மறுபடி பாலோடு வந்து வரிசையில் நின்ற இருபத்து மூன்று பேர் முன்னால் சொன்னேன். அன்று வராதவர்களுக்காக இங்கேயும் எழுதி வைக்கிறேன்.