பதினொரு பேரை வெட்டச் சொன்னார்கள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை எங்கள் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு ஒரு சிவப்புப் பென்சிலை நீட்டினார்.

"கட்டுரை நல்லாத்தான் இருக்கு. அந்தப் பதினொரு பேரையும் வெட்டிவிடும்."

பதினொரு பேரும் கொக்கட்டிச்சோலைக்குக் கிழக்கே, வாவியோரம் வயல் செய்கிறவர்கள். இரண்டு போகம் என்னோடு நின்று உழைத்தவர்கள். தலைப்புக்குக் கீழே என் பெயரோடு அவர்கள் பெயரையும் எழுதியிருந்தேன் — அதுதான் குற்றம்!

நான் உதவி விரிவுரையாளன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குக் கட்டுரை அச்சேற வேண்டும். அச்சேற அவர் கையெழுத்து வேண்டும்.

முதன்முதல் அந்த வயல்வெளிக்கு நான் போனது அச்சடித்த கேள்வித்தாளோடு. எத்தனை ஏக்கர், என்ன உரம்... அந்தப் பதினொரு பேரில் ஒருவரான, தனியே மூன்று ஏக்கர் செய்கிற பூமணியக்கா தாளை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, எங்கட பயிர் கருகுது. ஏன் கருகுது எண்டு இதில ஒரு கேள்வியும் இல்லியே. ஆருக்கு இந்தக் கேள்வி?"

பட்டதாரியிடம் இப்படியா கேட்பது? பஸ் ஏறும்வரை முணுமுணுத்தேன். மறுநாள் திரும்பிப் போய், அவர்கள் சொல்லச் சொல்லப் புதிய கேள்விகளை எழுதினேன்.

சும்மா சொல்லக்கூடாது, பாடாய்ப் படுத்தினார்கள். கூட்டம் வைத்தால் விதைப்பு. விதைப்பு முடிந்தால் திருவிழா. அதற்குள் என் சகாக்கள் நூலகத்தில் இருந்தபடியே மூன்று கட்டுரை எழுதிவிட்டார்கள்.

ஆனால் தினமும் விடிய வாய்க்கால் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்து, எங்கே உப்பு என்று குறித்தது யார்? உடைந்த மதகு வழியாக வாவியின் உப்புத் தண்ணீர் ஏறுகிறது என்று கண்டுபிடித்தது யார்? அவர்கள்தான். என் போத்தல்களும் ஆய்வுகூடமும் பிறகுதான் அதை ஒப்புக்கொண்டன. அந்தக் குறிப்போடு அவர்களே நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போய் மதகைத் திருத்துவித்தார்கள். இந்தப் போகம் பயிர் நிற்கிறது.

எல்லாம் சொன்னேன். தலைவர் சிரித்தார்.

"அவர்கள் தகவல் தந்தவர்கள். ஆய்வாளர் நீர். நாக்கால் ருசி பார்ப்பது விஞ்ஞானமா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... பென்சிலை வாங்கி வெட்டினேன்.

சனிக்கிழமை போய்ப் பூமணியக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"பேர் போட்டா நெல்லு கூட விளையுமா, தம்பி? ஆனா மதகு திரும்ப உடைஞ்சா, எஞ்சினியர் 'இது ஆர் கண்டது' எண்டு கேப்பார். நீங்க இல்லாத நேரம் நாங்க எதைக் காட்டுற?"

என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எனக்குப் பதவி போகும் என்றுதான் நான் பயந்தேன். அவர்களுக்குப் போவது பேசும் உரிமை!

திங்கட்கிழமை பதினொரு பெயரையும் திரும்ப எழுதிக் கொடுத்தேன். தலைவர் கட்டுரையை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினார். என் நியமனம் ஒரு வருடம் தள்ளிப் போயிருக்கிறது.

கட்டுரையின் பிரதி ஒன்று பூமணியக்கா வீட்டில் இருக்கிறது. இந்தக் கதை இப்போது உங்கள் கையில் இருக்கிறது — தலைவரும் ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பத்திரிகையைத்தான் வாங்குகிறார்.