ஜிம்மிக்காக ஒரு காலை ஜெபம்

திருவட்டாறு எஸ்தர் டீச்சரின் நாய் ஜிம்மி இன்று காலை அமைதியாக இறந்தது. நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, உயிர் போய்விட்டதென்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

தொண்டைக் கட்டியால் அதற்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. இனி வலி மட்டும்தான் என்பதால் குளோரோபாம் கொடுத்து நிரந்தரமாக உறங்கவைக்க முடிவாயிற்று.

டாக்டர் முன்கூட்டியே எச்சரித்தார்: "வாசனைக்கு முதல்ல திமிறும். பிறகு மூச்சு மெதுவாகி நின்னுரும். கண்ணு மட்டும் மூடாது, பயப்படாதீங்க."

"நீ வெளிய போ எஸ்தரு, நான் பிடிக்கேன்" என்றார் கணவர்.

"வேண்டாம், நானே பிடிக்கேன். நீங்க ஜெபத்தைத் தொடங்குங்க."

அந்த வீட்டில் அந்தி ஜெபம் தொடங்கினால் ஜிம்மி பாயோரம் வந்து படுத்துவிடும். டீச்சர் பாயை விரித்தார். இருவரும் பாடினார்கள். காலை வேளையிலும் அது வந்து டீச்சரின் மடியில் தலைவைத்துப் படுத்தது. டாக்டர் குளோரோபாமில் நனைத்த பஞ்சு மூக்கருகே வந்ததும் ஒருமுறை தலையைத் தூக்கியது. டீச்சரின் பாட்டு நிற்கவில்லை. தலை மறுபடி அவர் மடியில் சாய்ந்தது.

"திமிறவே இல்லையே!" என்றார் டாக்டர்.

பத்திரிகைக்காக எத்தனையோ மரணங்களை எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு துணையோடு போனவர்கள் குறைவு.

நாய்க்கு ஜெபம் பண்ணலாமா என்று கணவருக்கு இப்போது சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் கேட்பாராம்.

"தப்புன்னா சொல்லட்டு, பண்ணியாச்சே" என்கிறார் டீச்சர்.

உங்கள் ஊர்ப் போதகர் என்ன சொல்வார்?