ஆடியில் வாங்கிய போன்

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கியதாகச் சரித்திரம் கிடையாது. மின்விசிறியோ மிக்சியோ, உத்திரமேரூர் பஜாரில் யார் எதை வாங்கப் போனாலும் அவரைத்தான் துணைக்கு அழைப்பார்கள். கடைக்காரர் விலை சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிடுவார். இரண்டாவது படியில் கூப்பிட்டுவிடுவார்கள். தன்னைத் திரும்பக் கூப்பிடாத கடையே இல்லை என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

கொரோனா வந்த வருடம் நான் ஆறாம் வகுப்பு. அக்கா காஞ்சிபுரத்தில் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். எங்கள் தெருவிலிருந்து அப்படிப் படிக்கப் போன முதல் பெண் அவள். கல்லூரியை மூடிவிட்டுப் பாடத்தையெல்லாம் போனில் நடத்த ஆரம்பித்தார்கள். வீட்டில் இருந்ததோ அப்பாவின் பட்டன் போன் ஒன்றுதான். நல்ல வேளையாக மண்டியில் நெல் போட்ட பணம் கைக்கு வந்திருந்தது. நாளைக்கே போய் வாங்கிவிடலாம் என்றார் அப்பா. மாமா விடவில்லை.

"பத்து நாள் பொறு மாப்ள. ஆடி பொறந்தா தள்ளுபடி போடுவான். இப்பவே போய்க் கொட்டிக் குடுக்க உனுக்கு இன்னா பைத்தியமா?"

அந்தப் பத்து நாளும் அக்கா அடுத்த தெருத் தோழி வீட்டுக்குப் போய் அவள் போனில் தலையை நீட்டிப் பாடம் கேட்டாள். ஆடி பிறந்த மூன்றாம் நாள் மாமாவும் அப்பாவும் பஜாருக்குப் போய், ஆயிரத்தைந்நூறு ரூபாய் குறைத்துப் போன் வாங்கி வந்தார்கள். மேலுறை இலவசம். மாமா அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார்.

அக்கா பெட்டியைப் பிரிக்கக் கை நீட்டியபோது அம்மா தடுத்தாள். ஆடியில் வாங்கலாம், புழங்க ஆரம்பிக்கக் கூடாதாம். முந்தைய வருடம் ஆடியில் போட்ட போரில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அந்த அடி அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

"கிளாஸ் நடந்துகினு கீதும்மா. அட்டெண்டன்ஸ் போவுது" என்றாள் அக்கா.

மாமாதான் தீர்ப்புச் சொன்னார். "ஆடியில வாங்கனா ரேட்டு, ஆவணியில தொறந்தா ராசி. ரெண்டும் நம்மள்துதான். வுடு!"

பெட்டி சாமி அலமாரிக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். இதற்கிடையில் அடுத்த தெருவில் ஒருவருக்குத் தொற்று வந்து, தெருவையே தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். அக்காவுக்கு அந்தப் பாதியளவு பாடமும் போயிற்று. கையெட்டும் தூரத்தில் புதுப் போன் இருக்க, அவள் பழைய நோட்டையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றாள். சாமி கும்பிடுகிறாள் என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

ஆவணி முதல் தேதி கற்பூரம் ஏற்றிப் பெட்டியைப் பிரித்தோம். போனில் வெளிச்சம் வந்தது. வாத்தியார் முகம் வந்தது. குடும்பமே சுற்றி உட்கார்ந்து, எங்களுக்கு ஒன்றும் புரியாத பாடத்தைக் கேட்டோம். ஐந்து நிமிடத்தில் போன் சுட்டது, பிறகு அணைந்தது. அன்றைக்கு எத்தனை வகுப்புக்குப் போட்டாலும் அதே கதைதான். வருகைப் பதிவில் அக்கா பெயர் கடைசியில் வரும். அவள் பெயர் வருவதற்குள் போன் அணைந்துவிடும். கருத்த திரையைப் பார்த்து "பிரசண்ட் சார், பிரசண்ட் சார்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அப்பாவும் மாமாவும் கடைக்குப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். கடைக்காரர் பில்லைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏழு நாள்ல எடுத்துகினு வந்திருந்தா கண்ண மூடிகினு வேற பீஸ் குடுத்திருப்பேன். மாசம் ஆவப்போவுதே? இனிமே சர்வீஸ்க்குத்தான் அனுப்பணும்."

"பொட்டிய நேத்துதாண்ணே பிரிச்சோம்" என்றார் அப்பா.

"அப்ப இத்தினி நாளா இன்னா பண்ணிகினு இருந்த?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை.

போன் சரியாகி வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதற்குள் வருகைப் பதிவு போதாதென்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அந்த வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும், திரும்பப் பணம் கட்ட வேண்டும். "பொண்ணு வூட்டோட இருக்கட்டும்" என்று அம்மா மெல்லச் சொன்னாள். அக்கா அழவில்லை. நோட்டுகளையெல்லாம் அடுக்கிப் பரண் மேல் ஏற்றினாள்.

எனக்கு மட்டும் ஒரே கொண்டாட்டம். இனி விடிவதற்குள் பஸ் பிடிக்க ஓடமாட்டாள், தினமும் எனக்குச் சடை பின்னிவிடுவாள். அன்று சாயங்காலம் அவள் மடியருகே போய் உட்கார்ந்தேன்.

"இனிமே காலேஜுக்குப் போவவே மாட்டியாக்கா?"

"மாட்டேன்டி."

"சத்தியமா?"

என் தலைமேல் கை வைத்து, "சத்தியமா" என்றாள். வைத்த கையை அவள் எடுக்கவே இல்லை. பேன் பார்க்கிறாள் என்று நினைத்து நான் அசையாமல் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.