வாசலை ஒட்டி நின்ற கார்

படி திரும்பும் இடத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. கீழே இருந்து எதிர்க்கடைத் தையல்காரர் தாங்கினார். முதுகுப்பக்கத்தைப் பல் டாக்டரின் மனைவி பிடித்திருந்தாள். நாற்காலியில் டாக்டர். வலது கை மடியில் கிடந்தது.

“வர வர டாக்டர் கனத்துக்கிட்டே போறாரு, டாக்டரம்மா.”

“என்னை எடை போடவா கூப்பிட்டோம் உன்னை?” என்றார் டாக்டர்.

“பேசாம வாங்க. பேசினா இன்னும் கனக்குது,” என்றாள் அவள்.

அவள் டாக்டர் இல்லை. கணவரின் கிளினிக்கில் டோக்கன் கொடுத்து, கிண்ணம் கழுவியதில் ஒட்டிக்கொண்ட பெயர். அவருக்குப் பக்கவாதம் வந்து கிளினிக்கை மூடிய பிறகும் உதிரவில்லை. குடித்தனம் மாடியில். கீழே இருந்த இரண்டு அறைகளையும் கல்யாணமான புதிதிலேயே இடித்து ஒன்றாக்கி, இரண்டு பழைய கார்களை நிறுத்திவிட்டார். சிவப்பு, இத்தாலியில் செய்தது, இத்தாலிக்காரி என்பார். சாம்பல், ஜெர்மனியில் செய்தது, அது பெரியவர்.

ஒன்று போனால் கீழே கட்டில் போடலாம். இந்தப் படியில் தூக்கி இறக்குவது விட்டுப்போகும். விற்க அவரும் சம்மதித்துவிட்டார். எதை என்பதில்தான் மாதங்கள் போயின. வாங்க வந்தவர்கள் அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துத் திரும்பினார்கள்.

இன்று வந்தவர் பழைய கார் சேகரிப்பவர். “எதைக் குடுத்தாலும் சரி சார்,” என்றார்.

“ரெண்டுமே தூரப் பயணத்துக்குன்னு செஞ்சது,” என்றார் டாக்டர். “இத்தாலிக்காரிக்கு எஞ்சின் பாடும். ஆனா துரு பிடிக்கிற உடம்பு, மாசம் ஒரு வேலை வைப்பா. பெரியவர் நோகாம ஓடுவார். தெருவுல ஒருத்தன் திரும்பிப் பார்க்க மாட்டான்.”

“அப்ப பெரியவரே போதும்.”

“போதும். ஆனா மலைப்பாதையில அவரை மாதிரி…”

வந்தவர் அவளைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா. எது சுகம்?”

“சிவப்புல கால் வெந்துபோகும். சாம்பல்ல ஏறினா தூங்கிடுவேன்.”

“தூங்கிடுவியா?” என்றார் டாக்டர். “வழியெல்லாம் நான் பேசிட்டு வருவேனே.”

“அதான் தூக்கம் வரும்.”

தையல்காரர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. கியர் பெட்டியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை அவள் கவனித்தாள். இவரும் போய்விடுவார்.

சுவர் ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுத்து வந்தவர் கையில் கொடுத்தாள். “சிவப்பை எடுத்துக்கோங்க.”

“ஏன் அவளை?” என்றார் டாக்டர்.

“வாசல்கிட்ட நிக்குது.”

“அது ஒரு காரணமா?”

“உள்ள இருக்கிறதை எடுக்கணும்னா முதல்ல இதைத் தெருவுக்குத் தள்ளணும். இத்தனை வருஷமா நீங்க ஸ்டியரிங் பிடிச்சீங்க, நான் தள்ளினேன். இனிமே என்னால எதையும் தள்ள முடியாது.”

டாக்டர் சாவியையே பார்த்தார். “சக்களத்தி தொலைஞ்சா போதும் உனக்கு.”

“சக்களத்தியா இருந்திருந்தா உங்களைத் தூக்க ஒரு கை கொடுத்திருப்பா.”

வந்தவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“பேட்டரி கம்பியைக் கழட்டிட்டு ஏத்தச் சொல்லு,” என்றார் டாக்டர்.

மறுநாள் காலை லாரி வந்து காரை ஏற்றிப் போனது. தையல்காரரும் அவர் தம்பியும் கட்டிலைப் பிரித்து இறக்கி, கீழே மறுபடி பொருத்தினார்கள். தரையில் எண்ணெய்க் கறை தேய்த்தும் போகவில்லை. டாக்டர் சாம்பல் காரின் பக்கம் தலை வைத்துப் படுத்தார். சமையலறை மாடியில்தான். மூன்று வேளையும் சாப்பாட்டை அவள் கீழே கொண்டுவந்தாள்.